எட்டுக் கதவு வண்டி

கோவை கணபதியில் செங்கோடன் வீட்டுக் கதவை யாரும் தட்டுவதில்லை. பால்காரர் வாசலில் நின்று சைக்கிள் மணியை அடிப்பார். தபால்காரர் பேரைச் சொல்லிக் கூவுவார். விவரம் தெரியாத புது ஆள் யாராவது வந்து விரலை மடக்கி இரண்டு தட்டுத் தட்டிவிட்டால் அன்றைக்கு அந்த வீட்டில் பொழுது கெட்டது. சோற்றில் கை வைத்திருந்தாலும் செங்கோடன் எழுந்து பின்பக்கமாகப் போய்க் குளியலறைச் சுவரோரம் நின்றுகொள்வார். திரும்பி உள்ளே வர அரை மணி நேரம் ஆகும். அதனால் அவர் மனைவி சென்னியம்மாள் பகலெல்லாம் கதவைத் திறந்தே போட்டிருந்தாள்.

"எங்க ஊட்டுக்காரருக்குப் பாம்பு தேளுன்னாப் பயமில்லீங்க. கதவு தட்டுனாத்தான் பயம்" என்று தெருக்குழாயில் சொல்லிச் சிரிப்பாள். பட்டாளத்தில் இருந்த மனுசனுக்கு இப்படி ஒரு பயமா என்று மற்றவர்களும் சிரிப்பார்கள். காரணம் அவளுக்கே தெரியாது. கேட்டால், "எனக்கு அந்தச் சத்தம் ஆகாது" என்பதோடு முடித்துக்கொள்வார். ஏழு வருசக் குடித்தனத்தில் அதற்கு மேல் ஒரு வார்த்தை பெயரவில்லை.

இன்னொரு கோணங்கித்தனமும் அவரிடம் உண்டு. சைக்கிளை எங்கே நிறுத்தினாலும் பின்சக்கரம் சுவரை முட்டிக்கொண்டு நிற்க வேண்டும். எல்லோரும் முன்சக்கரத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு டீக்கடைக்குள் போவார்கள். இவர் மட்டும் சைக்கிளைத் தூக்கித் திருப்பி, அளவு பார்த்து வைத்துவிட்டு வருவார். இதற்குக் காரணம் சென்னியம்மாளுக்குத் தெரியும். அது லாரிப் பழக்கம்.

செங்கோடன் பிறந்தது பொள்ளாச்சிக்குத் தெற்கே. அண்ணன் தம்பிகள் நாலு பேருக்குத் தோட்டத்தில் வேலை போதவில்லை. பதினேழு வயதில் கொப்பரை லாரியில் ஏறிவிட்டார். கொப்பரை ஏற்றிய வண்டி எங்கே நின்றாலும் பின்பக்கம் தார்ப்பாய்க் கயிற்றை அறுக்க ஒருவன் வருவான். அதனால் அந்தத் தடத்து லாரிக்காரர்கள் எல்லோரும் ஒரே முறையைக் கடைப்பிடித்தார்கள். சாப்பிட நிறுத்தினாலும் சரி, படுக்க நிறுத்தினாலும் சரி, ஒரு சுவரைத் தேடு, ரிவர்ஸ் எடு, பின்பலகை சுவரைத் தொடுகிற மட்டும் விடு, பிறகு எஞ்சினை அணை. பின்னால் ஒரு கை நுழைய இடம் இருந்தால் அவன் டிரைவரே இல்லை. செங்கோடன் அதில் கெட்டிக்காரர். கண்ணாடியைப் பார்க்காமலே நாலு விரல் இடைவெளியில் கொண்டுபோய் நிறுத்துவார். அந்தப் பழக்கம் கையில் ஊறிப்போனது.

கோவையில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது போய் நின்றார். உயரம் இருந்தது, ஸ்டியரிங் பிடித்த கையும் இருந்தது. சங்கிலிப் பட்டையின் மேல் ஓடுகிற கவச வண்டியை அவரிடம் கொடுத்தார்கள். அந்த வண்டிக்கு எஞ்சின் முன்னால். டிரைவர் இருக்கை எஞ்சினை ஒட்டி. ஆட்கள் உட்காருவது பின்னால், இரும்புப் பெட்டிக்குள். அவர்கள் ஏறவும் இறங்கவும் பின்பக்கம் இரட்டைக் கதவு. அது வெளிப்பக்கமாகத் திறக்கும். கூரையில் மூடிகள் இருந்தாலும் பயிற்சிக்குக் கிளம்பினால் அதன் மேல் வலையும் மூட்டைகளும் ஏற்றிக் கட்டிவிடுவார்கள்.

அந்த வண்டியில்தான் வேலன் வந்து சேர்ந்தான். கருமத்தம்பட்டிப் பக்கத்துப் பையன். வடநாட்டு மணலில், இந்தி இரைச்சலுக்கு நடுவில், முதல் நாளே பின்னால் வந்து நின்று "ஏனுங்ணா, நம்ம பக்கமுங்களா?" என்று கேட்டான். அந்த ஒரு கேள்வியில் செங்கோடனுக்கு ஊரே வந்து நின்றதுபோல் ஆகிவிட்டது. ஊரில் இருந்திருந்தால் இரண்டு பேரும் ஒரே கடையில் ஒரே தம்ளரில் டீ குடித்திருக்க முடியாது. வேலனின் ஆட்கள் தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள். செங்கோடனின் ஆட்கள் வேலை வாங்குகிறவர்கள். பட்டாளத்தில் ஒரே தட்டில் சப்பாத்தி பிய்த்துத் தின்றார்கள். வேலன் கல்யாணத்துக்கு லீவில் போனபோது பெண்ணுக்குக் கொடுக்கச் சீலை எடுத்துக்கொடுத்தது செங்கோடன்தான்.

1986-ல், ராஜஸ்தான் மணலில் ஒரு பயிற்சி. நடுமத்தியானம். வேலனுக்குக் காய்ச்சல், வண்டிக்குள் பின்னால் தனியாகப் படுத்திருந்தான்; மற்ற ஆட்கள் வேறு வண்டியில் வந்தார்கள். மணல் உள்ளே அடிக்காமல் கதவைச் சாத்தியிருந்தது. எல்லா வண்டிகளையும் டீக்காக நிறுத்தச் சொன்னார்கள். அங்கே பழைய ஆட்டுப்பட்டி ஒன்றின் சுவர், ஆள் உயரத்துக்கு, முழக் கனத்தில் நின்றிருந்தது. கொஞ்சம் நிழலும் இருந்தது. செங்கோடன் ரிவர்ஸ் எடுத்தார். கொப்பரை இல்லை, தார்ப்பாய் இல்லை, கயிறு அறுக்கிறவன் நூறு மைலுக்கு இல்லை. கை தன் பாட்டுக்குச் செய்தது. நாலு விரல் இடைவெளியில் நிறுத்திவிட்டு, வேலனுக்கு டீ வாங்கி வரலாம் என்று இறங்கிப் போனார்.

இரண்டு தம்ளரோடு திரும்பும்போது வண்டியின் முன்பக்கத்தில் புகை. டீசல் குழாய் வெடித்து எஞ்சின் பற்றிக்கொண்டிருந்தது. டிரைவர் இருக்கை நெருப்புக்குள் இருந்தது. வண்டியை முன்னால் நகர்த்த வழியில்லை. கடப்பாரையும் முன்பக்கத்தில்தான் கட்டியிருந்தது. பின்னால் ஓடினார். கதவு நாலு விரல் திறந்து சுவரில் முட்டி நின்றது. சுவரை உதைத்தார், அசையவில்லை. மேலே ஏறினார். எரிகிற வலையையும் மூட்டைகளையும் வெறுங்கையால் பிய்த்தார். உள்ளே வேலன் ஸ்பேனரால் இரும்பைத் தட்டினான். மூன்று தட்டு, கொஞ்சம் நிறுத்தம், மறுபடி மூன்று தட்டு. செங்கோடன் மூடியை எட்டுவதற்குள் தட்டுவது நின்றுவிட்டது.

மீட்பு வண்டி வந்து சங்கிலி போட்டு இழுத்ததில் சுவர் சரிந்து மண்ணோடு மண்ணானது. விசாரணையில் டீசல் குழாயைப் பற்றிக் கேட்டார்கள். வண்டி எப்படி நின்றது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார் என்று செங்கோடன் பின்னாளில் நினைத்துக்கொள்வதுண்டு. அது பொய் என்றும் அவருக்குத் தெரியும். வேலனின் மனைவிக்கு அதிகாரி எழுதிய கடிதத்தில் 'சூட்டில் கதவு இறுகிவிட்டது' என்று இருந்தது. 'கூட இருந்த செங்கோடன் தன் கைகள் வெந்தும் கடைசிவரை போராடினார்' என்றும் இருந்தது.

கை குணமாகாது என்று பட்டாளத்திலிருந்து விடுவித்ததும் நேராகக் கருமத்தம்பட்டிக்குத்தான் போனார். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனார். வேலனின் மனைவி மயிலாத்தாளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஒரு பெண்குழந்தையை இடுப்பில் வைத்திருந்தாள். இவரைக் கண்டதும் ஓடி வந்து, அந்தச் சுருங்கிப்போன கைகள் இரண்டையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். "சாமி" என்றாள். "அண்ணான்னு கூப்புடு அம்மணி, அவன் அப்படித்தான் கூப்புடுவான்" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. கோழைத்தனம் என்றால் கோழைத்தனம்தான். அதற்கு வேறு பெயர் தேடிப் பிரயோசனமில்லை. அன்றைக்கு வாயில் நின்றுபோனது அப்படியே ஒன்பது வருசம் நின்றது.

அதற்குப் பிறகு பொங்கல் நோம்பிக்குத் தவறாமல் சீலை கொண்டுபோனார். கணபதியில் சுரேந்தர் என்கிற இளைஞன் நடத்திய பிளாஸ்டிக் கம்பெனியில் வேலை கிடைத்ததும், மயிலாத்தாளுக்கும் அங்கேயே பேக்கிங் வேலை வாங்கிக்கொடுத்தார். அவள் மகளைக் கூட்டிக்கொண்டு பக்கத்திலேயே ஒரு அறை எடுத்துக் குடிவந்தாள். கூடப்பிறந்தவன் கூட இப்படிச் செய்ய மாட்டான் என்று அவள் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். செங்கோடன் காதில் அது விழும்போது வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். வீட்டுக்கு வந்தாலும் அவள் கதவைத் தொட மாட்டாள். வாசலில் நின்று "ஏனுங்ணா" என்று குரல் கொடுப்பாள். சென்னியம்மாள் கையைப் பிடித்து இழுத்து வந்தால்தான் உள்ளே வந்து தரையில் உட்காருவாள்.

சுரேந்தரின் கம்பெனி செய்தது குழந்தைகள் ஒன்றன் மேல் ஒன்று பொருத்தி விளையாடுகிற பிளாஸ்டிக் கட்டைகள். மேலே குமிழ், கீழே குழி. சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை, வெள்ளை. செங்கோடனை முதலில் மோல்டிங் மிஷினில்தான் நிறுத்தினார்கள். ஒவ்வொரு முறை அச்சு திறக்கும்போதும் கட்டைகளைத் தள்ளிவிட மிஷின் உள்ளிருந்து மூன்று முறை இடிக்கும். மூன்று இடி, கொஞ்சம் நிறுத்தம், மறுபடி மூன்று இடி. முதல் நாள் மத்தியானத்துக்குள் அவர் சட்டை நனைந்துவிட்டது. மறுநாள் சுரேந்தரிடம் போய், "கையில வெசை இல்லீங் தம்பி, தரம் பிரிக்கறதுல போட்டுருங்க" என்று கேட்டு மாறிக்கொண்டார். மாறினாலும் சத்தம் விடவில்லை. தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் எட்டு மணி நேரமும் அது தட்டிக்கொண்டே இருந்தது. வேலையை விட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. கேட்டுக்கொண்டே இருப்பதுதான் தனக்கு விதித்தது என்று ஒரு எண்ணம் இருந்திருக்கும்.

தரம் பிரிப்பதில் அவருக்கு நிகர் யாருமில்லை. வெந்த விரல்களில் உணர்ச்சி கிடையாது. கட்டை இறுக்கமா தளர்வா என்று தொட்டுத் தெரியாது. அதனால் காதோரம் வைத்து இரண்டு கட்டைகளை அழுத்துவார். நல்ல கட்டை 'டிக்' என்று சொல்லும். தளர்ந்தது சத்தமே போடாது. அதிக இறுக்கமானது முனகும். கண்ணை மூடிக்கொண்டு மூட்டை மூட்டையாகப் பிரித்துப் போடுவார்.

1995 கார்த்திகையில் சுரேந்தருக்கு ஒரு யோசனை வந்தது. பொங்கல் விடுமுறையில் பொருட்காட்சி. அதில் கம்பெனிக்கு ஒரு ஸ்டால். கேபிள் டிவி வந்த புதிது. பிள்ளைகள் எல்லாம் வேற்றுக்கிரகம், ராக்கெட் என்று வாயைப் பிளந்துகொண்டிருந்த காலம்.

"ஏனுங்ணா, நீங்க மிலிட்டரி வண்டி ஓட்டுனவருதானுங்களே? நம்ம கட்டைய வெச்சே ஒண்ணு செய்யோணும். மூணடி நீளம். இந்தக் காலத்து வண்டி வேண்டாம். இன்னும் நூறு வருசங் கழிச்சு, செவ்வாய் கெரகத்துல ஓடறாப்ல. பாக்கற பையன் அப்பன் வேட்டியப் புடிச்சு இழுக்கோணும்."

முடியாது என்று சொல்லத்தான் செங்கோடன் வாயெடுத்தார். தடுப்புக்கு அந்தப் பக்கம் மிஷின் மூன்று முறை இடித்தது. "செய்யறனுங்" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகு அவருக்கே விளங்கியது. இன்னும் பிறக்காத ஒரு வண்டி. அதில் எதை எங்கே வைப்பது என்று இவர்தான் சொல்லப்போகிறார். இந்த வண்டியில் ஒருத்தனும் மாட்டிக்கொள்ளக் கூடாது.

பேக்கிங் அறையில் ஒரு மேசை ஒதுக்கிக் கொடுத்தார்கள். நிறம் சரியாக அமையவில்லை. சிவப்பிலும் மஞ்சளிலும் செய்தால் ராட்டினம்போல் இருந்தது. கழிவுக் கட்டைகளை எல்லா நிறமும் கலந்து அரைத்து ஊற்றிப் பார்த்தார். சாம்பலும் பச்சையும் சேர்ந்த ஒரு மங்கல் நிறம் வந்தது. சுரேந்தர் "அடேங்கப்பா, அசல் மிலிட்டரி" என்று குதித்தான். செங்கோடனுக்கு அந்த நிறம் தெரியும். இழுத்துப் போட்டபிறகு அந்த வண்டி இருந்த நிறம் அதுதான்.

சக்கரம் எட்டு, பம்ப் மோட்டாருக்குப் போடும் ரப்பர் சீல்களை டயராக மாட்டினார். பீரங்கி மேடை சுற்றுவதற்கு மில்லில் கழித்த பேரிங் ஒன்று. காற்றில்லாத ஊரில் மூச்சுக்கு இருபக்கமும் வெள்ளைக் கட்டையில் உருளைகள். அடியில் கண்ணிவெடி வைத்தாலும் மேலே எழும்பிப் பறக்க நாலு ஊதுகுழல். இதெல்லாம் சுரேந்தருக்காக. தனக்காக அவர் வைத்தது கதவுகள். பக்கத்துக்கு இரண்டாக நாலு, கூரையில் இரண்டு, தரையில் ஒன்று, பின்னால் ஒன்று. சைக்கிள் கம்பியை வெட்டிக் கீல் போட்டு, ஒவ்வொன்றும் உள்ளிருந்து ஒரு விரல் தள்ளினால் திறக்கும்படி வைத்தார். பொருத்துகிற ஒவ்வொரு கட்டையையும் காதில் வைத்துக் கேட்டார்.

"இது வண்டிங்களா, கல்யாண மண்டபமுங்களா? எட்டுக் கதவு!" என்று சுரேந்தர் சிரித்தான்.

"எட்டும் வேணுமுங் தம்பி" என்றார் செங்கோடன். அவர் முகத்தைப் பார்த்துச் சுரேந்தர் சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

மார்கழி பிறந்தது. வண்டி முக்கால்வாசி முடிந்த ஒரு நாள் காலையில் எட்டு மணிக்கு வேலைக்கு வந்தபோது, பின்கதவு ஒரு விரல் அளவு திறந்திருந்தது. முந்தின சாயங்காலம் எட்டையும் மூடிவிட்டுப் போனது அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மற்ற ஏழும் மூடித்தான் இருந்தன. கீல் தளர்வு என்று நினைத்து மாற்றினார். மறுநாளும் திறந்திருந்தது. மூன்றாம் நாள் வண்டியைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுவிட்டுப் போனார். காலையில் ரப்பர் பேண்ட் பக்கத்தில் மடித்து வைத்திருந்தது; கதவு ஒரு விரல் திறந்திருந்தது.

 செங்கோடன் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று பயம். வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. "ஏனுங்க, காத்துக் கருப்பு அண்டுன மாதிரி இருக்கறீங்க" என்று சென்னியம்மாள் மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டாள். அடுப்பில் மிளகாய் வெடித்த சத்தத்துக்கும் அவர் திடுக்கிட்டார். ஒன்பது வருசம் கழித்து அவன் வந்துவிட்டான், வெளியே வர வழி பார்க்கிறான் என்று அவர் மனசு சொல்லிக்கொண்டே இருந்தது.

அடுத்த நாள் ஆறரை மணிக்கே போனார். பேக்கிங் அறை திறந்திருந்தது. மயிலாத்தாள் கூட்டி முடித்துவிட்டு, விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்து வைத்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு மேசைக்கு வந்தாள். குனிந்து பின்கதவை மெதுவாகத் திறந்தாள். உள்ளே பார்த்து என்னமோ சொன்னாள்.

"மயிலா, நீயா?"

அவள் திரும்பி வெட்கத்தோடு சிரித்தாள். "நானேதானுங்ணா. உள்ள ஆள் இருக்கறாருல்லீங்க. ராப்பூரா மூடி வெச்சா மூச்சு முட்டாதுங்களா?"

செங்கோடன் குனிந்து பார்த்தார். பின் இருக்கையின் இருட்டில், கீல் மாற்றியபோது அவர் கண்ணில் படாத ஒரு பொம்மை. இரண்டு பச்சைக் கட்டை உடம்பு, ஒரு வெள்ளைக் கட்டை தலை. பேனாவால் கண்ணும் மீசையும் போட்டிருந்தாள். வேலனுக்கு மீசை இடதுபக்கம் கொஞ்சம் ஏறியிருக்கும், இதற்கும் ஏறியிருந்தது.

"அன்னைக்கு அந்தக் கதவு சூட்டுல இறுகிப்போச்சுன்னு ஆபீசரு எழுதியிருந்தாருல்லீங்ணா. இது ஒண்ணாச்சும் தெறந்து கெடக்கட்டுமுங்க."

இப்போது சொல்லிவிட வேண்டும் என்று செங்கோடன் வாயெடுத்தார். ஷிப்ட் ஆட்கள் வந்தார்கள், மிஷினைப் போட்டார்கள். மூன்று இடி, நிறுத்தம், மூன்று இடி. அவர் போய்த் தன் மூட்டையின் முன்னால் உட்கார்ந்துகொண்டார். பேய் என்று பயந்திருந்தபோது கூட மனசு இவ்வளவு கனமாக இல்லை.

தை பிறக்க இரண்டு நாள் இருக்கும்போது, காலை பத்து மணிக்கு, வண்டியை வேனில் ஏற்றிப் பொருட்காட்சி மைதானத்துக்குக் கொண்டுபோனார்கள். ஸ்டால் என்பது மூன்று பக்கம் பலகை அடைத்த ஒரு சின்ன அறை. சுரேந்தர் விளக்குக் கட்டுகிறவர்களோடு வெளியே மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். மயிலாத்தாள் மேசை விரிப்பை இழுத்துவிட்டாள். செங்கோடன் வண்டியை இரண்டு கையாலும் தூக்கி வந்து, மேசையில் வைத்து, பின்னால் தள்ளினார். அளவு பார்க்கவில்லை. வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்று பார்த்தார். எட்டுச் சக்கரமும் பீரங்கியுமாகக் கம்பீரமாக நின்றது. ஒரு நிமிசம் அவருக்குச் சந்தோசமாகக்கூட இருந்தது.

மயிலாத்தாள் வழக்கம்போலப் பின்பக்கம் கையை விட்டாள். விரல் நுழையவில்லை. தலையைச் சாய்த்து எட்டிப் பார்த்தாள்.

"கதவு செவுத்துல இடிக்குதுங்ணா" என்றாள். "பொறகால எடமே இல்லாம நிறுத்திப்போட்டீங்க. உள்ள இருக்கறவரு எப்படீங்க வருவாரு?"

செங்கோடன் பார்த்தார். மேசையில் எவ்வளவோ இடம் கிடந்தது. எட்டுக் கதவு வைத்துச் செய்த அதே கை, யாரும் சொல்லாமல், ஒரு விரல் நுழைய இடமில்லாமல் கொண்டுபோய்ச் சுவரில் முட்டி நிறுத்தியிருந்தது. அட்டைப்பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அன்னைக்கும் இப்படித்தான் நிறுத்துனேன், அம்மணி."

அவளுக்குப் புரியவில்லை. "எதைங்ணா?"

சொன்னார். கொப்பரை லாரியில் தொடங்கி, ஆட்டுப்பட்டிச் சுவர், டீ, நாலு விரல் திறந்து முட்டி நின்ற கதவு, ஸ்பேனர் எல்லாவற்றையும் சொன்னார். "சூட்டுல இறுகல. கதவு நல்லாத்தான் தெறந்துது. நான்தான் செவுத்துல முட்டி நிறுத்திப்போட்டேன். அவன் சாவு என் கையில, மயிலா."

வெளியே மைக்கில் யாரோ ஒன்று இரண்டு மூன்று என்று சோதித்துக்கொண்டிருந்தார்கள். மயிலாத்தாள் அழவில்லை. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தட்டுனாருங்களா?"

"தட்டுனான்."

"எப்படித் தட்டுனாரு?"

செங்கோடன் வெந்த விரலை மடக்கி, மேசைப் பலகையில் தட்டிக் காட்டினார். மூன்று. நிறுத்தம். மூன்று. ஒன்பது வருசத்தில் அவர் ஒரு கதவையோ பலகையையோ தட்டியது அதுதான் முதல் தடவை.

"எத்தன நேரமுங்க?"

பொய் சொல்ல ஒரு கணம் இருந்தது. "நான் பாத்தப்பறம், ஒரு டீ ஆறற நேரம்" என்றார்.

அவள் வண்டியை முன்னால் இழுத்தாள். பின்கதவைத் திறந்து, பொம்மையை எடுத்து, முந்தானையில் முடிந்துகொண்டு, சுரேந்தர் கூப்பிடக் கூப்பிடத் திரும்பாமல் மைதானத்தைத் தாண்டிப் போய்விட்டாள்.

பொருட்காட்சி பதினோரு நாள் நடந்தது. வண்டியைப் பார்க்க நல்ல கூட்டம். பையன்கள் அப்பன் வேட்டியைப் பிடித்து இழுத்தார்கள். செங்கோடன் அதைப் பலகையிலிருந்து ஒரு முழம் தள்ளி நிறுத்தி, பின்கதவைத் திறந்து வைத்து, பக்கத்திலேயே நின்றார். யாராவது மூடினால் திறந்தார். உள்ளே இருக்கை காலியாக இருந்தது. மயிலாத்தாள் வேலைக்கு வரவில்லை. அறைக்குப் போய்ப் பார்த்த சென்னியம்மாள், மகளைக் கூட்டிக்கொண்டு கருமத்தம்பட்டிக்குப் போய்விட்டதாகச் செய்தி கொண்டுவந்தாள். அன்றைக்கே செங்கோடன் மனைவியிடமும் எல்லாவற்றையும் சொன்னார். அவள், "ஒண்ணுந் தெரியாம அந்தப் புள்ள கையால நான் எத்தன தாட்டித் தண்ணி வாங்கிக் குடிச்சிருப்பேன்" என்று மட்டும் சொன்னாள். நோம்பிக்கு எடுத்து வைத்த சீலை பீரோவிலேயே இருந்தது. அதைக் கொண்டுபோக அவருக்கு முகமில்லை.

பன்னிரண்டாம் நாள் சாயங்காலம். வெளிச்சம் இருந்தது. கதவு எப்போதும்போல அகலத் திறந்து கிடந்தது. செங்கோடன் உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கதவு தட்டும் சத்தம் கேட்டது.

மூன்று தட்டு. கொஞ்சம் நிறுத்தம். மூன்று தட்டு.

சென்னியம்மாள் அடுக்களையிலிருந்து பதறி வந்தாள், மனுசன் பின்வாசலுக்கு ஓடப்போகிறார் என்று. செங்கோடன் ஓடவில்லை. எழுந்தார். திறந்து கிடந்த கதவைத் திறக்கப் போகிறவரைப்போல, கையை முன்னால் நீட்டிக்கொண்டு நடந்தார். வாசலில் மயிலாத்தாள், மடக்கிய விரலை இன்னும் கதவிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். அவள் அந்தக் கதவைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"கேட்டுதுங்களா?"

"கேட்டுது."

"எனக்கும் பதினோரு நாளா கேக்குதுங்க." கண் சிவந்து வீங்கியிருந்தது, குரல் மட்டும் திடமாக இருந்தது. "நீங்க அங்க நிறுத்துனத நான் மன்னிக்கறதா வேண்டாமான்னு எனக்குத் தெரியலீங்க. அது கையோட பழக்கம். ஆனா அவரு தட்டுனது உங்கள மட்டுங் கூப்புடறதுக்குங்களா? என்னையுந்தான கூப்புட்டிருப்பாரு. ஒம்பது வருசமா அத எங்கிட்டக் குடுக்காம நீங்களே வெச்சுக்கிட்டீங்களே. அது எனக்கு வர வேண்டியதல்லீங்களா?"

 செங்கோடன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, பட்டாளத்தில்கூட அழாத அழுகையை அழுதார். மயிலாத்தாள் பார்த்துக்கொண்டு நின்றாள். தேற்றவில்லை. பிறகு அவரைத் தாண்டி உள்ளே வந்து, யாரும் இழுக்காமல், நாற்காலியில் உட்கார்ந்தாள். சென்னியம்மாள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அதற்குப் பிறகு மயிலாத்தாள் அவரை அண்ணா என்று கூப்பிடவில்லை. வேறு எப்படியும் கூப்பிடவில்லை. வேலைக்குத் திரும்பி வந்தாள். வண்டி பேக்கிங் அறையின் நடுவில், எந்தச் சுவரையும் தொடாமல் நின்றது. பொம்மையை அவள் திருப்பி வைக்கவில்லை. வீட்டுக்கு வரும்போதெல்லாம், கதவு திறந்தே கிடந்தாலும், அதே கணக்கில் தட்டிவிட்டுத்தான் நின்றாள். ஒவ்வொரு முறையும் செங்கோடனே எழுந்து போனார்.